எக்ஸ்ரே அக்கா எடுத்த குறும்படம்

வகுப்பில் அவளுக்கு எக்ஸ்ரே அக்கா என்று பெயர். பகலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பாள், சாயங்காலம் சினிமா படிக்க வருவாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் மீசை அரும்பிய வயசு. முதல் பயிற்சியில் "ஆக்‌ஷன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில், பழக்க தோஷத்தில் "ஆடாம இருங்க, மூச்சப் பிடிங்க" என்று சொல்லிவிட்டாள். நடிக்க வந்தவன் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு ஒட்டிய பெயர் பிறகு போகவில்லை.

பாடம் அவளுக்குச் சுலபமாகத்தான் வந்தது. முகம் மட்டும் என்றால் குளோசப், இடுப்புவரை என்றால் மிட் ஷாட், அறை முழுக்கத் தெரிந்தால் வைட். எது படத்தின் சட்டத்துக்குள் அடங்கும், எது அடங்காது என்று பார்ப்பதுதானே அவள் பிழைப்பு. ஒத்துவராதது இந்த ஒன்மோர்தான். எக்ஸ்ரே அறையில் ஒரே படத்தை மறுபடி எடுப்பது அவமானம், நோயாளி உடம்பில் வீணாக இன்னொரு தடவை கதிர் பாயும். இங்கேயோ மனசாட்சியே இல்லாமல் ஒன்மோர், ஒன்மோர் என்று எடுத்துத் தள்ளினார்கள்.

பருவ முடிவில் ஒரு குறும்படம் கொடுத்தால்தான் தேர்ச்சி. இரண்டு பேர் உட்கார்ந்து பேச வேண்டும். ஒருவர் முகம், அடுத்து மற்றவர் முகம் என்று மாற்றி மாற்றி வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் ஒரு கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையை எழுதினாள். கடைக்காரராக அப்பா, வாடிக்கையாளராகத் தம்பி.

வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். கிடைத்திருப்பார்கள். அவளுக்கு இவர்கள்தான் வேண்டும். ஏனென்றால் அம்மா தவறிப்போனதிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அம்மா போன அன்று தம்பி வெளியூரில் கடைசிப் பரீட்சை எழுதப் போயிருந்தான். "அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார் அப்பா. சொன்னார், பரீட்சை முடிந்த பிறகு. அவன் வந்து சேர்ந்தபோது வீட்டில் அம்மா இல்லை, கழுவிவிட்ட தரைதான் இருந்தது. பாஸ் பண்ணினான், வேலையும் கிடைத்தது, அடுத்த தெருவிலேயே குடியும் வந்தான். அப்பா வாக்கிங் கிளம்பும் நேரம் பார்த்து வந்து அக்காவோடு பேசிவிட்டுப் போய்விடுவான். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை, பேசினால் அவனாகப் பேசட்டும் என்று முறுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் இவள்தான் மத்தளம்.

நேரில்தான் இல்லை, திரையிலாவது இருவரும் முகம் பார்த்துப் பேசட்டும் என்று ஆசைப்பட்டாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவைக் காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து எடுத்தாள். எதிராளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துடைப்பக் கட்டையை நிறுத்தி, கண் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டினாள். டேப்பைப் பார்த்து அவர் பேசினார். அவர் பார்வை எந்தப் பக்கம் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்தாள். "அப்பா, இடது." சாயங்காலம் தம்பி வந்தான். சீட்டைப் பார்த்து, அவன் வலது பக்கம் பார்க்கும்படி துடைப்பத்தை மாற்றி வைத்து, அவனையும் எடுத்தாள்.

வகுப்பில் போட்டுக் காட்டியதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரே பஸ்ஸுக்கு நிக்கிறாங்க போலக்கா" என்றான் ஒருவன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "லைன் தாண்டிருச்சு. பேசுற ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டியிருக்குன்னு வெச்சுக்கங்க. கேமரா கயித்துக்கு ஒரே பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் ஒருத்தர் வலது பக்கம் பாத்தா இன்னொருத்தர் இடது பக்கம் பாப்பார்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எக்ஸ்ரே படத்தில் இடது என்றால் நோயாளியின் இடது, பார்ப்பவருக்கு அது வலது. காலையில் ஆஸ்பத்திரி நினைப்பில் அப்பாவின் இடது கைப்பக்கத்தை இடது என்று எழுதியிருக்கிறாள். சாயங்காலம் வகுப்பு நினைப்பில் கேமராவின் இடது என்று படித்திருக்கிறாள். எத்தனையோ பேர் எலும்பில் இடம் வலம் மாறாமல் பார்த்தவள், சொந்த அப்பாவிடம் கோட்டை விட்டாள்.

"தம்பி போர்ஷன மட்டும் மறுபடி எடுங்க" என்றார் வாத்தியார். "இந்தத் தடவ எதிர்ல ஆள உக்கார வைங்க. டேப்பப் பாத்துப் பேசுனா கண்ணுல உயிர் இருக்காது."

வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பேப்பரை இறக்காமலே கேட்டார்.

"அந்தத் தொடப்பத்துக்குப் பதிலா நான் உக்காரட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் அப்பா இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்னக்கா இது?"

"உன் பார்வைக்குத்தான்டா. அவர் ஃபிரேம்ல வரமாட்டார். இல்லன்னா நான் ஃபெயிலு."

அவளைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். கயிற்றுக்குச் சரியான பக்கத்தில் கேமராவை வைத்து, குளோசப் வைத்து, ஃபோகஸைப் பூட்டினாள். ஆக்‌ஷன் என்றாள்.

"வாட்ச் ரெடியா?" என்றான் தம்பி.

"இன்னும் ஆகல" என்றார் அப்பா. சட்டத்துக்கு வெளியே இருப்பவர் குரல்தானே, அவர் வசனத்தை ஒப்பித்தாலே போதும்.

"எப்பதான் தருவீங்க?"

அடுத்த வசனம், நாளைக்கு வாங்க. அப்பா அதைச் சொல்லவில்லை.

"அன்னைக்கே உனக்கு போன் போட்டிருக்கணும்டா" என்றார். "ஒரு வருஷம் வீணாயிடுமேன்னு பாத்தேன். வேற ஒண்ணும் நினைக்கல. தப்புதான்."

அவள் கட் சொல்லியிருக்க வேண்டும். சின்னத் திரையில் தம்பியின் முகம் மட்டும் தெரிந்தது. அவன் துடைப்பத்தை அல்ல, அப்பாவைப் பார்த்தான்.

"பரீட்ச அடுத்த வருஷமும் வரும்பா" என்றான். "அம்மா முகத்த ஒரு தடவ பாத்திருப்பேன்."

"ஆமாம்டா."

தம்பி முன்னால் குனிந்தான். ஃபோகஸ் பூட்டிய இடத்தை விட்டு அவன் முகம் நகர்ந்து மங்கியது, பிறகு சட்டத்தை விட்டே போய்விட்டது. திரையில் காலி நாற்காலியும் பின்னால் சுவரும் மட்டும் துல்லியமாகத் தெரிந்தன. மேஜைக்கு அந்தப் பக்கம் யாரோ அழும் சத்தம் கேட்டது. இரண்டு பேரில் யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கே கண்ணீர் கண்ணை மறைத்தது.

வெகுநேரம் கழித்துத் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "உன் படம் கெட்டுப்போச்சாக்கா? ஒன்மோர் போலாமா?"

"வேணாம்டா" என்றாள். அப்புறம் பழக்க தோஷத்தில், "மூச்சு விடலாம்" என்றாள்.