முன்னால போன வான்

முதலே சொல்லிப்போடுறன் அக்கா, எங்கட வீட்டில மாமி, இவற்ற அம்மா, எல்லாத்தையும் நம்புவா, இவர் ஒண்டையுமே நம்பமாட்டார், நான் இடையில நிண்டு ரெண்டுபேருக்கும் தேத்தண்ணி ஊத்திற ஆள். பேய் பிசாசு எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினா எழும்பிப்போய் உடுப்புக் காயப்போடுவன், அவ்வளவுதான் எனக்கு அதில நம்பிக்கை. போன மாரியில நாங்கள் புயலுக்குப் பின்னால ஓடின கதையைக் கேக்கத்தானே வந்தனீங்கள், அதைத்தான் சொல்லப்போறன், ஆனா நடுவில மறிச்சு "உனக்கு விசரே" எண்டு மட்டும் கேக்கக்கூடாது. சரி, கேட்டாலும் பரவாயில்லை, நானே என்னை எத்தினையோ தரம் கேட்டுப்போட்டன்.

பள்ளிமுனையில எங்களைத் தெரியாத ஆக்கள் இல்லை. இவர், என்ர மனுசன் ஜூட், கலியாண வீடியோ எடுக்கிறவர், நான் அதை எடிட் பண்ணிக் குடுக்கிறனான். ஒரு பழைய டொல்பின் வான் இருக்கு, இடைக்கிடை இவர் அதில ஆக்களை ஏத்தி ஹயரும் போவார், அந்தா வாசல்ல நிக்குது. மாரி தொடங்கினா கலியாணம் குறைவு, சனம் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்க இருக்கும், நாங்கள் ரெண்டுபேரும் மட்டும் கறுப்பா மேகம் எங்க எழும்புதோ அங்க வானை விடுவம். ஸ்டியரிங் பிடிச்சு ஓடுறது நான், இவர் பக்கத்துச் சீற்றில கமராவோட. கடலில தாழமுக்கம், புயல் வரப்போகுது எண்டு ரேடியோவில சொன்னாப் போதும், மனுசனுக்கு முகமெல்லாம் பல்லு. மட்டக்களப்பில ஒரு சோடி இருக்கு, அவையும் எங்களைப்போல புயல் படம் எடுத்து இன்டர்நெற்றில போடுற ஆக்கள், அவையை ஒருக்காலாவது வெல்லோணும் எண்டு இவருக்கு ஒரு வெறி. கடலுக்குப் போற ஆக்கள் எங்களைக் கண்டா, "என்ன ஜூட், காத்து இண்டைக்கு எங்கால, சொன்னா நாங்கள் மற்றப்பக்கம் போவம்" எண்டு பகிடி பண்ணுவினம்.

ஆனா போன மாரியில ஒண்டுமே சரிவரேல்லை. தலைமன்னாருக்கு ஓடினா மேகம் இந்தியாப் பக்கம் போயிடும், பேசாலைக்கு ஓடினா வெய்யில் எறிக்கும். ஒருநாள் கடலில இருந்து மேகம் வரைக்கும் தண்ணி தூண் மாதிரி எழும்பிச் சுழண்டுகொண்டு நிண்டது, என்ர ஆண்டவரே, அப்பிடி ஒரு வடிவு, இவர் கமராவைத் தூக்க முன்னம் கரைஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் அம்மாதான் காரணம் எண்டு இவர் நிண்டு கத்தினார். ஏனெண்டா, குருத்தோலை ஞாயிறு அண்டு கோயில்ல மந்திரிச்சுத் தாற ஓலையைச் சிலுவையா முடைஞ்சு வீட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில செருகி வைப்பமெல்லோ, இடி மின்னல் பலத்தா அதில ஒரு துண்டைக் கிள்ளி நெருப்பில போட்டுச் செபம் சொன்னா புயல் விலத்திப் போகும் எண்டு எங்கட கரையில ஒரு வழக்கம். நாங்கள் கேற்றைத் தாண்ட முன்னமே மாமி ஓலையைக் கிள்ளத் தொடங்கீடுவா. மகன் புயலைத் தேடிப் போறார், தாய் புயலைக் கலைக்கிறா, நல்ல குடும்பம்.

"நீங்களே நம்பாத ஆள், பேந்தேன் மாமியில பழி போடுறியள்?" எண்டு கேட்டன்.

"நம்பேல்லைத்தான். ஒருநாள் எரிக்காமல் விட்டுப் பாப்பம் எண்டுதான் சொல்லுறன்" எண்டார்.

அண்டைக்குத் தெற்கால பெரிசா ஒண்டு வருது எண்டு கேள்விப்பட்ட உடனே வெளிக்கிட்டம். மாமி குசினிக்குள்ள நிண்ட நேரம் பாத்து இவர் சுரூபத்தடியில இருந்த ஓலைச் சிலுவையை இழுத்தெடுத்துக்கொண்டு வந்து வானுக்குள்ள, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில இருக்கிற பெட்டிக்குள்ள போட்டுச் சாத்தினார். "வேண்டாமப்பா, அவ தேடுவா" எண்டன். "வந்து வைப்பம், நீ ஓடு" எண்டார். நானும் சிரிச்சுக்கொண்டுதான் ஸ்டார்ட் பண்ணினனான், பொய் சொல்லக்கூடாது.

பெரிய பாலம் கடந்து, வங்காலை கடந்து, சிலாபத்துறைப் பக்கமாப் போறம். மத்தியானச் சாப்பாடு செமிச்சிருக்காது, அதுக்குள்ள பொழுதுபட்ட மாதிரி இருட்டீட்டுது. வலப்பக்கம் கடல் இருக்கு, ஆனா காணேலாது, சத்தம் மட்டும். இவர் கமராவைக் கண்ணாடியோட ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு, "ஜெனி, இதுதான், இதுதான்" எண்டு சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளுறார். மழையெண்டா அப்பிடி ஒரு மழை, வைப்பர் அடிச்சும் பிரயோசனம் இல்லை, ரோட்டு எது, வெளி எது எண்டு எனக்கு விளங்கேல்லை. அந்த நேரம்தான் முன்னால ஒரு சிவப்பு லைற் தெரிஞ்சுது. ஏதோ ஒரு வாகனம். அப்பாடா எண்டிருந்தது எனக்கு, அந்த லைற்றையே பாத்துக்கொண்டு பின்னால போனன். அதுக்கு வலப்பக்க லைற் மட்டும்தான் பத்திச்சுது, இடப்பக்கம் உடைஞ்சு கிடந்தது. "ஒரு லைற்றோட ஓடுறான் பார், பொலிஸ் கண்டா தெரியும்" எண்டு இவர் பகிடியும் விட்டார்.

கனதூரம் அப்பிடியே போனம். நான் வேகத்தைக் கூட்டினா அதுவும் கூட்டுது, குறைச்சா அதுவும் குறைக்குது. நம்பினா நம்புங்கோ அக்கா, திடீரெண்டு வானுக்குள்ள ஓலை எரியிற மணம். மாமி எரிக்கேக்க வீடு முழுக்க மணக்குமே, அதே மணம். வயர்தான் எரியுதாக்கும் எண்டு பயந்துபோய் பிரேக்கை அமத்தினன். வான் வழுக்கிக் குறுக்கால நிண்டுது. "ஏன் நிப்பாட்டினனி, எடுத்துக்கொண்டிருக்கிறன், விடாத, ஓடு!" எண்டு இவர் கத்துறார். முன்னால போன வாகனம் நிக்கேல்லை. அந்தச் சிவப்பு லைற் கொஞ்சத் தூரம் போச்சு, பேந்து கீழ போச்சு. திரும்பேல்லை அக்கா, நேர கீழ போச்சு. தண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் சிவப்பாத் தெரிஞ்சு அணைஞ்சுது.

இவர் கமராவைச் சீற்றில எறிஞ்சுபோட்டு இறங்கி ஓடினார். நானும் ஓடினன். அதில இருந்த மதகை வெள்ளம் அப்பிடியே கொண்டுபோட்டுது, ரோட்டு அறுந்து கிடக்கு, கீழ தண்ணி குமுறிக்கொண்டு கடலுக்குப் பாயுது. நாங்கள் நிப்பாட்டின இடத்தில இருந்து ரோட்டு அறுந்த இடம், அந்தா, உங்கட கதிரையில இருந்து கேற் இருக்கிற தூரம் கூட இல்லை. "ஆராவது இருக்கிறியளோ" எண்டு இவர் படுத்துக் கிடந்து கத்துறார், நான் மாதாவே மாதாவே எண்டு அவற்ற சேட்டுக் கொலரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். ஊர் ஆக்கள் கயிறோட வந்தினம், பொலிஸும் வந்தது. அடுத்தநாள் தண்ணி வத்தினாப்பிறகு இறங்கித் தேடினவை. வானும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு கண்ணாடித் துண்டு கூட இல்லை. முசலிப் பக்கம் ஒருத்தரும் காணாமல் போகவும் இல்லை.

வீட்டை வந்தா மாமி வெறும் சுரூபத்துக்கு முன்னால முழங்காலில இருந்து அழுதுகொண்டிருக்கிறா. இவர் நேர வானுக்குப் போய் அந்தப் பெட்டியைத் திறந்தார். ஓலைச் சிலுவையின்ர ஒரு முனை கருகிக் கிடந்தது. "கீழால வயர் போகுது, சூட்டில கருகியிருக்கும்" எண்டார். எனக்கும் அதுதான் சரியெண்டு பட்டது. சரியெண்டு பட வைச்சன் எண்டு சொல்லுங்கோ.

பேந்துதான் நான் அந்த வீடியோவை எடிட் பண்ண இருந்தனான். மட்டக்களப்பு ஆக்களை வெல்லுற வீடியோ எல்லோ. ஒரு மின்னல் அடிக்கிற இடத்தில முன்னால போன வாகனத்தின்ர முதுகு பளிச்செண்டு தெரிஞ்சுது, அதில நிப்பாட்டினன். டொல்பின் வான். பின்னால பச்சை ஏணி. அந்த ஏணி இவர் தன்ர கையால வெல்டிங் பண்ணி, வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின பச்சைப் பெயின்ற் அடிச்சது, மன்னாரில வேற ஒரு வானுக்கும் இல்லை. நம்பரும் எங்கட நம்பர். உள்ளுக்க ஒரு தலை தெரிஞ்சுது. ஓடுற சீற்றில ஒரு தலை. பக்கத்துச் சீற்று வெறுமை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினன். முதல் சிரிச்சார், பேந்து அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தார். பேந்து என்னை இழுத்துக்கொண்டு வெளிய போய், வானில ஏறிப் பிரேக்கை அமத்தி, "பின்னால போய்ப் பார், எத்தினை லைற் பத்துது?" எண்டார். ரெண்டும் பத்திச்சுது. "பாத்தியே, எங்கடது ரெண்டும் நல்லாயிருக்கு. அது வேற வான்" எண்டார். நான் அதையே பிடிச்சுக்கொண்டு இருந்தன் அக்கா. ஓம், எங்கடது ரெண்டும் பத்துது, அது வேற வான்.

ஆனா இனிப் புயலுக்கு வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அடுத்த மழைக்கு இவர், "நீ நில், நான் தனியப் போட்டு வாறன்" எண்டு திறப்பை எடுத்தார். நான் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். வான் முற்றத்தால திரும்பிக் கேற்றடிக்குப் போகுது, பின் கண்ணாடிக்குள்ளால பாக்கிறன், ஓடுற சீற்றில ஒரு தலை, பக்கத்துச் சீற்று வெறுமை. ஐயோ! செருப்பும் போடாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறீட்டன். அண்டையில இருந்து ஒரு புயல் பயணமும் நான் விடேல்லை. ஊர்ச்சனம் என்ன சொல்லுது எண்டா, ஜூட்டை விட ஜெனிக்குத்தான் புயல் விசர் எண்டு. மாமி இப்பவும் ஓலை கிள்ளுறா, இவர் இப்ப அதுக்குக் கத்துறேல்லை.

இவ்வளவும் எண்டா மறந்துபோட்டு இருந்திருப்பன். போன கிழமை திருக்கேதீஸ்வரத்துக்கு ஒரு குடும்பத்தை ஏத்திக்கொண்டு இவர் ஹயர் போனவர். கோயிலடியில வானை விட்டிருக்கேக்க ஒரு ட்ராக்டர்காரன் பாக்காமல் பின்னால எடுத்து இடிச்சுப்போட்டான். பெரிசா ஒண்டும் இல்லை எண்டு கொண்டந்து விட்டார். போய்ப் பாருங்கோ, அந்தா நிக்குது. பின்னால இடப்பக்க லைற் உடைஞ்சு கிடக்கு. கொழும்பில இருந்து வரோணுமாம், மன்னாரில சாமான் இல்லையாம்.

அந்த வீடியோ இருக்கு அக்கா, அழிக்கேல்லை, வேணுமெண்டா போட்டுவிடுறன், ஆனா நான் அறைக்குள்ள நிக்கமாட்டன். வானை வில்லுங்கோ எண்டு அழுதும் பாத்திட்டன். "உதைப் பெரிசாக் கதையாத" எண்டுறார், ஆனா சொல்லேக்க என்ர முகத்தைப் பாக்கிறாரில்லை.

என்ன, இருட்டீட்டுதோ? நான் கவனிக்கேல்லை. அது இடிதானே? பொறுங்கோ, வான் ஸ்டார்ட் பண்ணிற சத்தம் கேக்குது. நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, மாமி உள்ளுக்க இருக்கிறா. அவர் என்னைக் கூப்பிடேல்லை, ஓடுற சீற்றில ஏறி இருக்கிறார். இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ, நில்லுங்கோ, நானும் வாறன்!