தகடு இல்லாமல் ஒரு வெடி

அன்றைக்கு அங்கே நின்றவர்கள்: அப்பா. அம்மா. பத்து வயதில் நான். நாலு வயதில் தம்பி. அப்பா வேலை செய்த பிளாஸ்ரிக் பக்டரியின் போர்மன். அவருடைய மனைவி. மாமா இல்லை. மாமா அம்மாவின் ஒரே சகோதரம், அம்மாவுக்குத் தம்பி. ஊரில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் முகாமில் வைத்திருந்தது. அப்படித்தான் அப்பா சொல்லியிருந்தார்.

மாமாவைக் கனடாவுக்கு எடுக்க வேண்டும். அம்மாவுக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை. ஸ்பொன்சர் செய்ய அப்பாவின் வேலை நிரந்தரமாக வேண்டும். அது போர்மனின் கையில். அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய காணிக்கு வரச் சொல்லி அவர் கேட்டதும் ஓம் என்றோம். எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை.

நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுணுக்கே தன்னுடைய வான் வண்டியைக் கொண்டுவந்து எங்களை ஏற்றினார். அம்மா நல்ல சேலை உடுத்து, இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார். ஸ்ரௌவ்வில் என்ற ஊரைத் தாண்டும்வரை முகத்திலிருந்து சிரிப்பை இறக்கவில்லை.

காணியின் கடைசியில் ஒரு மண்மேடு. அதற்கு முன்னால் மரச்சட்டம். சட்டத்தில் சங்கிலி போட்டு இரும்புத் தகடுகள் தொங்கின. வெள்ளை பூசியிருந்தது. மேசையில் போர்வை விரித்து மூன்று துவக்குகள். போர்மன் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. விருந்தாளிகள் சந்தோசப்படுவார்கள் என்று நினைத்திருப்பார்.

முதல் வெடி. டங் என்றது தகடு.

நான் புல்லில் கிடந்தேன். எப்படி விழுந்தேன் என்று தெரியாது. வாய் திறந்திருந்தது. சத்தம் கேட்டால் படு, வாயைத் திற என்று ஊரில் பழக்கியிருந்தார்கள். பக்கத்தில் அப்பா குப்புறக் கிடந்தார். அம்மா தம்பியை வயிற்றோடு அமத்திக்கொண்டு மேசைக்குக் கீழே. போர்மனும் மனைவியும் மட்டும் நின்றார்கள். அந்த மனிசி முதலில் சிரித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா எழும்பிக் களிசானைத் தட்டினார். போர்மனிடம் சொறி, சொறி என்றார். பிறகு குனிந்தார்.

"இஞ்சேரும், எழும்பும். மனிசன் பாக்குது. பொழுதுபோக்குக்குத் தகட்டுக்குத்தான் சுடுது."

"தகடு என்ன செய்ததாம்?" என்றார் அம்மா, மேசைக்குக் கீழேயிருந்து.

வெளியே வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. போர்மன் துவக்குகளை மாற்றி மாற்றிச் சுட்டார். தம்பி அழுதான். "உது சின்னது ராசா, பயப்பிடாதை. உது மற்றது, பெரிசு," என்று அம்மா பாராமலே சொல்லிக்கொண்டிருந்தார். மாமா போன பிறகுதான் அம்மாவுக்கு அந்தக் காது வந்தது. குசினிக்குள் நின்றே என்ன துவக்கு, எவ்வளவு தூரம், ஓடுவதா படுப்பதா என்று சொல்லுவார்.

அப்பா இதை இங்கிலீசில் போர்மனுக்குச் சொன்னார். போர்மன் தொடையில் தட்டினார். உடனே விளையாட்டாக்கினார். அம்மா முதுகைக் காட்டி இருக்க வேண்டும். அவர் ஏதாவதொன்றால் சுடுவார். முதலாவதா, இரண்டாவதா, மூன்றாவதா என்று அம்மா விரலைத் தூக்க வேண்டும்.

ஏழு தரம் சுட்டார். ஏழும் சரி. நான் துள்ளித் துள்ளிக் கைதட்டினேன். கனடாவில் அம்மா வென்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உம்மாலை எனக்கு வேலை கிடைச்சிடும் போலை," என்றார் அப்பா.

"பேந்தென்ன, என்ரை தம்பியின்ரை அலுவலைப் பாருங்கோவன்."

அப்பா குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினார்.

போர்மன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சத்தம் போடாமல் வானுக்குப் போய் நாலாவது துவக்கொன்றை எடுத்துவந்தார். பழையது. நுனிவரை மரம். உலக யுத்தக் காலத்துத் துவக்காம். ஊரில் பொலிஸ்காரர் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த மாதிரியானது. சுட்டார். அம்மாவின் விரல் எழும்பவில்லை. திரும்பவும் சுட்டார். அம்மா எழும்பி நின்றார்.

"தகட்டைக் கழட்டிப்போட்டுச் சுடச் சொல்லுங்கோ. தகட்டுச் சத்தம் வேண்டாம்."

"என்னத்துக்கு? மனிசன் பகிடிக்கு..."

"சொல்லுங்கோ."

போர்மனுக்குச் சந்தோசம். அம்மா கெட்டித்தனம் காட்டப்போகிறார் என்று நினைத்தார். தகடுகளைக் கழற்றிப் புல்லில் போட்டார். வெறும் மண்ணுக்குச் சுட்டார். வெடி மட்டும் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா அப்பாவிடம் போனார். சத்தம் போடவில்லை.

"இந்தச் சத்தத்தை நான் ஒருநாள்தான் கேட்டனான். எங்கடை ஒழுங்கைக்குள்ளை. என்ரை தம்பி வெளியிலை போன பின்னேரம். நீங்கள் ஓடிப்போய்ப் பாத்திட்டு வந்து பட்டாசு எண்டனீங்கள். அவனை ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போட்டாங்கள் எண்டனீங்கள்."

அப்பா மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். போர்மன் பெருவிரலைத் தூக்கி, சரியா, சரியா என்று அப்பாவைக் கேட்டார்.

"அண்டைக்கு நான் எண்ணேல்லை," என்றார் அம்மா. "எத்தினை வெடி?"

அப்பாவின் வாய் அசைந்தது.

"மூண்டு."

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் புள்ளியை அப்பா குறைத்துச் சொல்கிறார். "இல்லையப்பா, ஏழு, ஏழு," என்று கத்திக்கொண்டு போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத் திரும்பவும் சொன்னார்.

"மூண்டு."