மூன்று விரல்

"சட்டையத் தூக்குங்க. மூச்ச நல்லா இழுங்க. ஹுஸ்ம கன்ன."

யார் வந்தாலும் தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை. ஆளைப் பார்த்து மொழியைத் தெரிந்தெடுக்கும் வேலை ஐயாவுக்கு மிச்சம். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய வலக்கை வந்தவரின் இடப்பக்க விலாவுக்குக் கீழே இறங்கியிருக்கும். மலேரியாவில் வீங்கிய மண்ணீரல் விலாவைத் தாண்டி எத்தனை விரல் இறங்கி நிற்கிறதென்று அளந்து, "ரெண்டு", "நாலு" என்று முணுமுணுத்துக்கொண்டே கொப்பியில் எழுதுவார்.

இலங்கையில், அரநாயக்கப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் ஐயாவு டிரஸ்ஸர். ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறையும் ஒரு தகரக் கூரையும். டிரஸ்ஸர் என்றால் புண் கட்டுகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷக் கடைசியில் காய்ச்சல் வந்து இறங்கிய நாளிலிருந்து, புண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்தான் பார்க்கிறார். வயது இருபத்து நாலு. முகத்தைப் பார்த்தவர்கள் முப்பத்தெட்டு என்பார்கள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயத்தில் உட்காருவதில்லை. நின்றுகொண்டே தூங்கவும் பழகிவிட்டதால் அதில் பெரிய லாபமில்லை.

நோயாளியாகத்தான் வரவேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. கடைக்கார ஸம்சுதீன் ஒரு நாள் சீனி வந்த செய்தி சொல்ல வந்தார். திரும்பிப் போகும்போது அவருடைய மண்ணீரல் ஒன்றரை விரல். "இவருக்கு சலாம் செல்ல வந்தாலும் வயித்தத்தான் முதல்ல காட்டோணும்" என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

விரல் விஷயத்தில் இவ்வளவு கறாரான மனிதர் காய்ச்சல் விஷயத்தில் கூசாமல் பொய் சொல்வார். ரப்பர் பால் வெட்டும் மருதாயிக்கு உடம்பில் ஒரு சூடும் இல்லை. பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள், அவ்வளவுதான். "நூத்திரண்டு" என்று லீவுச் சீட்டு எழுதி லயத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கண்டக்டர் வந்து, "என்னய்யா, ஒங்க கண்ணாடிக் குச்சிக்கு நூத்திரண்டுக்குக் கீழ எண்ணவே தெரியாதா?" என்று கேட்டார். "இந்தத் தோட்டத்துல தெரியாதுங்க" என்றார் ஐயாவு, கண்ணை மூடிக்கொண்டு.

கொழும்பில் அப்போதிக்கரி வகுப்பில் சேரவேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அப்போதிக்கரி ஆனால் தானே மருந்து எழுதலாம். இப்போதைக்கு டாக்டர் எழுதியதைக் கலக்கத்தான் அதிகாரம். டாக்டர் ஐந்து தோட்டங்களுக்கு ஒருவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர். காய்ச்சல் அவருக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே அதிகாரமில்லாத வேலையை ஐயாவு ஒரு வருஷத்துக்கும் மேலாகச் செய்துவருகிறார். அதைக் கற்றுக்கொள்ளத் தகுதியுள்ளவர்தானா என்று சோதிக்கத்தான் விண்ணப்பம் கேட்கிறார்கள்.

முதல் தடவை தபால் பிந்தியது. சென்ற வருஷம் பரீட்சை நாளன்று தோட்டத்தில் நூற்றிருபது பேர் படுத்திருந்தார்கள். நூற்றிருபத்தோராவது ஆள் ஐயாவு. வருகிற ஆவணியில் இருபத்தைந்து முடிகிறது. அதற்குமேல் சேர்க்கமாட்டார்கள்.

போன வியாழக்கிழமை டாக்டர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். அவருக்கும் தூக்கம் போதாது.

"ஐயாவு, விண்ணப்பத்துக்கு உன்ர உடம்புச் சீட்டை நீயே நிரப்பு. நான் ஒப்பம் வைக்கிறன். உன்னைப் படுக்க வைச்சுப் பார்க்க எனக்கு எங்க நேரம்?"

ஐயாவு நின்றபடியே நிரப்பினார். உயரம், எடை, கண், காது. மண்ணீரல் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கினார், மூச்சை இழுத்தார், தன் வயிற்றைத் தானே அழுத்திப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார்.

டாக்டர் வாசித்தார். "மூண்டு விரலோ? ரெண்டுக்கு மேல எண்டால் எடுக்கமாட்டினம், தெரியும்தானே?"

"தெரியுங்க."

"பேந்து ஏன் எழுதினனீ? அங்க ஆர் உன்ர வயித்தைத் தொட்டுப் பார்க்கப் போகினம்?"

"நான் தொட்டுப் பாத்துட்டேனுங்களே."

"விசரா! சும்மா நிண்ட மருதாயிக்கு நூற்றிரண்டு எண்டு எழுதத் தெரியுது உனக்கு!"

"அது காய்ச்சலுங்க. பொழுது சாஞ்சா எறங்கிடும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. பையைத் திறந்து எழுதாத தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "பிழை விட்டாலும் எண்டு இன்னொண்டு கொண்டந்தனான். வடிவா யோசிச்சு நிரப்பு. நான் பங்களாவில தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்." பையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வெளியே முப்பது பேர் நின்றார்கள். மலேரியாவுக்கான கொயினாத் தூள் மடிக்கும் கடதாசி காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஐயாவு, மூன்று என்று எழுதிய தாளை மை காய ஊதி டாக்டரின் பைமேல் வைத்தார். எழுதாத தாளைக் கையில் எடுத்து மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒருமுறை வாசித்தார். அப்புறம் நீளவாக்கில் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, எட்டுத் துண்டாகக் கிழித்து, முதல் துண்டில் ஒரு வேளைத் தூளைக் கொட்டினார்.