அமுக்கினால் மறையாத சிவப்பு

உங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நான் முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கி எடுப்பேன், சற்றுத் தள்ளி மறுபடி அமுக்கி எடுப்பேன், இப்படியே கணுக்கால் வரை போவேன். சின்னவள் கூச்சம் தாங்காமல் நெளிவாள். "அப்பா ஆர்மோனியம் வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு" என்று பெரியவன் கேலி செய்வான். போன வாரம் நடுவுள்ளவனுக்குக் காய்ச்சல் அடித்தபோது மூன்று பேரும் சேர்ந்து சிரித்தீர்கள். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நான் இரண்டு காலையும் பார்த்து முடிக்கும்வரை கதவோரமாக நின்றுவிட்டு உள்ளே போனாள். அது ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன், மூன்று பேரும் படியுங்கள்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் அது. ஆகஸ்டு மாதத்துக்கு இன்னும் சில மாதம் இருந்தது. மலாக்காவில் நாங்கள் இருந்த காஜா பேராங்கில் எங்கே போனாலும் பையன்கள் கையைத் தூக்கி, விடுதலை என்ற அர்த்தத்தில் "மெர்டேக்கா" என்று கத்திப் பழகிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஐஸ் பாக்டரியில் வேலை. உஜோங் பாசிர் மீன்காரர்களுக்குப் போகும் ஐஸ் பாளங்களை ரம்பத்தால் அறுத்து, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிக் கொடுக்க வேண்டும். உடைந்த துண்டு ஒன்றைச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்து வருவேன். எதிர்வீட்டு அக்காவின் மகள் அதற்காகவே வாசலில் நிற்பாள். ஆறு வயது. என்னை "ஐஸ் மாமா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த அக்கா எங்களுக்குச் சொந்தமில்லை. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரிய வீடுகளில் துணி துவைத்து, அந்த ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தார்.

என் முகத்தில் இருக்கும் குழிகளை நீங்கள் பார்த்தே வளர்ந்தவர்கள். ஏழு வயதில் எனக்குப் பெரியம்மை வந்தது. ஒரு தடவை வந்தவனுக்கு மறுபடி வராது என்பதால், எங்கள் வரிசையில் எந்த வீட்டில் யாருக்கு உடம்பில் கொப்புளம் கண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய்ப் பார்த்து, "ஆத்தா வந்திருக்கா" என்று சொன்னால் அதுதான் முடிவு. நிலையில் வேப்பிலை கட்டுவேன். பாயில் வேப்பிலை பரப்புவேன். தாளிக்கக் கூடாது, மருந்து கூடாது, ஊசி கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை யாரும் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு வருவேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. படிப்பு இல்லாதவனுக்கு அது ஒரு உத்தியோகம் மாதிரி.

ஒருநாள் சாயங்காலம் பிள்ளை வாசலில் நிற்கவில்லை. அக்காதான் நின்றார்.

"தம்பி, ஆத்தா வந்துட்டா போல இருக்கு. வந்து ஒரு பார்வை பாருங்களேன்."

பிள்ளை பாயில் படுத்திருந்தாள். சாக்கிலிருந்து ஐஸை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. இரண்டு கால்களிலும் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள், குங்குமத் தண்ணீரைத் தெளித்த மாதிரி. உள்ளங்கையால் தடவினேன். அம்மை என்றால் கையில் கடுகு உருள்வதுபோல் தெரியும். இங்கே கடுகே இல்லை. தோல் வழவழவென்று இருந்தது. என் கைக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆத்தா இன்னும் உள்ளதான் இருக்காக்கா. முத்து வெளிய வர நாளாகும்."

"சரி தம்பி. நீங்க சொன்னா சரி."

நான் நாற்காலி போட்டு ஏறி வேப்பிலை கட்டினேன்.

அந்த வீட்டுக்காரம்மா செட்டிகள் இனம். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருப்பவர்கள். நம்மைப் போலவே அம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான். ஜன்னல் வழியாகப் பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னிடம், "சாச்சார் இப்படி இருக்காது. பாவா ஹொஸ்பிட்டல்லா!" என்றார். அம்மை இல்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அர்த்தம். நான் தலையாட்டிவிட்டு வந்து உங்கள் அம்மாவிடம், "தமிழே பேசத் தெரியாதவங்க நமக்கு ஆத்தாவப் பத்திப் பாடம் நடத்துறாங்க" என்று சொல்லிச் சிரித்தேன். உங்கள் அம்மாவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பிள்ளைக்கு மூட்டு வலித்தது. ஆத்தா விளையாடுகிறாள் என்றேன். தூக்கி உட்கார வைத்தால், அக்காவின் ஐந்து விரலும் பிள்ளையின் கையில் நீலமாகப் பதிந்து நின்றது. சூடு இறங்குகிறது என்றேன். ஒருநாள் காலையில் பிள்ளையின் கன்னத்துக்குக் கீழே கிடந்த வேப்பிலைகள் சிவந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஈறில் ரத்தம். அக்கா அந்த இலைகளைக் கொண்டுவந்து காட்டினார். அதற்கும் ஏதோ ஒன்று சொன்னேன். பதின்மூன்று நாள் இப்படிப் போனது. தெருவில் யாரும் அந்த வாசலைத் தாண்டவில்லை. வேப்பிலை காய்ந்து உதிர உதிர நான் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் கூப்பிட்டும் பிள்ளை கண் திறக்கவில்லை. வீட்டுக்காரம்மா யாரையும் கேட்கவில்லை. சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேப்பிலைக்குக் கீழே குனிந்து உள்ளே போய், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தெருவில் போன ஒரு பேச்சாவை, சைக்கிள் ரிக்ஷாவை, நிறுத்தி ஏறிவிட்டார். அக்காவும் ஓடிப்போய் அதில் ஏறினார். நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன்.

டாக்டர் பிள்ளையின் காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார், எடுத்தார். அவருக்கு உதவியாக இருந்த டிரெசர் தமிழர். அவர்தான் எங்களுக்கு விளக்கினார். "அம்மைச் செவப்ப அமுக்கினா வெளுக்கும், கைய எடுத்தா திரும்ப வரும். இது தோலுக்குள்ள கசிஞ்ச ரத்தம்மா. அமுக்கினாலும் மறையாது." ரத்தத்தில் வரும் புற்று, லுக்கேமியா என்று சொன்னார். சிங்கப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புது மாத்திரை ஒன்று வந்திருக்கிறது, அங்கே கொண்டுபோனால் பார்க்கலாம், ஆனால் இப்படியே காரில் ஏற்றினால் பாதி வழிகூடத் தாங்காது, முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், கையிருப்பு ஒரு போத்தல்தான், மீதிக்கு உங்கள் ஆட்களைக் கூட்டிவாருங்கள் என்றார். பிறகு கேட்டார்.

"பதிமூணு நாளா என்னம்மா செஞ்சீங்க? அம்மைன்னு எவன் சொன்னான்?"

நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"நானாத்தான் நெனச்சிக்கிட்டேன்யா."

அக்காவின் ரத்தத்தைச் சோதித்தார்கள், சேரவில்லை. வீட்டுக்காரம்மா தானாகவே கையை நீட்டினார். அதுவும் சேரவில்லை. அடுத்து என் கைதான். "நான் போயி ஆளுங்கள கேட்டுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். பெரியவனே, நீதான் வயிற்றில். உனக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்தப் பிள்ளை தங்கினால் திருவிழாவில் அலகு குத்தி வருகிறேன் என்று அம்மனிடம் வேண்டியிருந்தேன். மறுநாள் காப்புக் கட்டு. கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ரத்தம் சிந்தக் கூடாது, பிறப்பும் இறப்பும் நடக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழேதானே நடக்கிறது. மறுநாள் கோயிலில் வரிசையில் முந்திக்கொண்டு போய்க் கையை நீட்டினேன். பக்தி என்று அன்றைக்கு நினைத்தேன். ஒளிந்துகொள்ள இடம் தேடியிருக்கிறேன்.

அன்று பகலிலேயே அக்கா கோயில் வாசலுக்கு வந்தார். பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்கள் இருந்திருப்போம், எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. அவர் சொல்லி முடிக்கும்வரை எல்லாரும் கேட்டார்கள். ஆனாலும் வேப்பிலை வீட்டிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

கோயில் தலைவர்தான் பதில் சொன்னார். "காப்புக் கட்டியாச்சும்மா. இன்னும் மூணு நாள்தான். தேர் சுத்தி முடியட்டும், நானே பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

"கன்னத்துல வேல் குத்திக்குவீங்க, முதுகுல கொக்கி மாட்டிக்குவீங்க. எம்புள்ளைக்கு ஒரு போத்தல் ரத்தம்னா மட்டும் ஆத்தா கோவிச்சுக்குவாளா?"

"வேல் குத்துற எடத்துல ரத்தம் வராதுக்கா" என்றான் பந்தல்காரன் ஒருவன். "அங்க போனா அண்டா வச்சிப் பிடிப்பானுங்களாம். அப்புறம் காவடிய யாரு தூக்குறது, ஒன் வீட்டுக்காரம்மாவா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மூணு நாள்தானேக்கா" என்றேன். "பொறுத்துக்குங்க."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி தம்பி. நீங்க சொன்னா சரி."

வேப்பிலை கட்டிய அன்று சொன்ன அதே வார்த்தை. ஏச்சில்லை, குத்தலில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெயிலில் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்து போனார்.

மறுநாள் காலை வேலையில் ரம்பம் கையில் ஓடவில்லை. பாதிப் பாளத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தோலில் கடுகு இல்லாததையும் சேர்த்து. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு போயிருச்சு" என்றாள். "இதுவும் போச்சுன்னா எனக்குத் தாங்காதுங்க." பிறகு எழுந்துபோய்க் காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஆனா நான் அறுக்க மாட்டேன். நீங்களே அறுத்துக்குங்க." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது கையிலிருந்த கயிற்றை நானே அறுத்தேன். மஞ்சள் கறை மணிக்கட்டில் வளையமாக நின்றது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தும்போது டிரெசர் அதைப் பார்த்தார். என் ரத்தம் சேர்ந்தது.

மத்தியானத்துக்கு மேல் பிள்ளையின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "ஐஸ் மாமா, ஐஸ் எங்க?" என்றாள். அக்கா அன்றைக்குத்தான் அழுதார்.

திருவிழா முடிந்ததும் தலைவர் சொன்ன மாதிரியே ஆட்களோடு வந்தார். அதையும் எழுத வேண்டும். பந்தல்காரனும் வந்தான், அவனுடைய ரத்தமும் சேர்ந்தது. வீட்டுக்காரம்மாவின் தம்பி தன் காரில் அக்காவையும் பிள்ளையையும் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவள் ஒரு காகிதக் கொடியை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தாள்.

டிரெசரிடம் ஒருநாள் கேட்டேன். "பதிமூணு நாள் முன்னாடியே கொண்டாந்திருந்தா?" அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "தெரியாதுங்க. யாருக்கும் தெரியாது" என்றார். அவர் என்னை வைதிருந்தால், இதை உங்களிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்காது.

சுதந்திர நாளன்று ஊரே கூத்தாடியது. உங்கள் அம்மாவுக்கு நாள் நெருங்கியிருந்தது. ஆத்தா கணக்குத் தீர்க்காமல் விடமாட்டாள் என்ற பயம் எங்கள் இருவருக்கும் இருந்தது, அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. செப்டம்பரில் நீ பிறந்தாய், நல்லபடியாகத்தான். ஆனால் பயம் போகவில்லை. அதற்கு அடுத்த மாதம் அக்கா பஸ்ஸில் திரும்பி வந்தார். தனியாக வந்தார். மாத்திரை சில வாரம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

வந்த இரண்டாம் நாள் எங்கள் வாசலில் நின்றார். குழந்தை பிறந்த வீடு என்று நிலையில் வேப்பிலை தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வரவில்லை. எனக்கு வா என்று கூப்பிடவும் வாய் வரவில்லை, பிள்ளையைப் பறிகொடுத்தவர் பார்வை பச்சைக் குழந்தைமேல் படலாமா என்று ஓடிய நினைப்பையும் நிறுத்த முடியவில்லை. உங்கள் அம்மாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அக்கா உன் முகத்தைப் பார்க்கவில்லை. துணியை விலக்கி, உன் காலை எடுத்து, கட்டைவிரலை வைத்து அமுக்கினார், எடுத்தார். கொஞ்சம் தள்ளி மறுபடி. கணுக்கால் வரை. பிறகு மற்றக் கால். உங்கள் அம்மா உன்னை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளுத்துத் திரும்புது தம்பி" என்றார். "ஒண்ணுமில்ல."

துணியை மூடிவிட்டுப் போனார். அடுத்த மாதமே அறையைக் காலி செய்துவிட்டு செமாபோக்கில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வேப்பிலை கட்டவும் போனதில்லை. கூப்பிட்டவர்களிடம் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அம்மைத் தழும்புக்காரனுக்குத் திமிர் வந்துவிட்டது என்று பேசினார்கள்.

போன வாரம் நடுவுள்ளவன் காலை அமுக்கினேன். விரலை எடுத்ததும் அந்த இடம் வெள்ளையாக நின்றது, பிறகு நிறம் வந்தது. நடுவில் இருக்கும் அந்த ஒரு நொடி உங்களுக்கு ஒன்றுமில்லை, நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பெரியவனே, இது உன் காலில்தான் ஆரம்பித்தது. அடுத்த தடவை காய்ச்சல் வந்தால் ஆர்மோனியம் என்றே சொல், பரவாயில்லை. காலை மட்டும் இழுத்துக்கொள்ளாதே.