காலி ஹோல்டர்

மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, விளக்கு என்று எது பழுதானாலும் பிரித்துப் பார்க்கிற கடை என்னுடையது. காரணமில்லாமல் எதுவும் எரியாது, காரணமில்லாமல் எதுவும் அணையாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள். அதனால் கதை கட்டுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இது என் வீட்டு ஹாலில் நடந்தது.

முதலில் பழைய சீரியல் செட் எப்படி எரிகிறது என்று சொல்லிவிடுகிறேன். அதில் எல்லாப் பல்புக்கும் ஒரே வழிதான். பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல, ஒரு பல்பின் வழியாகத்தான் மின்சாரம் அடுத்த பல்புக்குப் போகும். ஒருவர் கையை விட்டால் போச்சு. ஒன்றைப் பிடுங்கினால் மொத்தமும் அணைந்துவிடும்.

என் தங்கச்சிக்கு இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பல்பைத் திருகி எடுத்து உள்ளங்கையில் ஒளித்துக்கொள்வாள். "பெரிய மெக்கானிக்காச்சே, கண்டுபிடி" என்பாள். நர்ஸ் வேலைக்கு வெளியூர் போன பிறகும் அந்தச் சேட்டை போகவில்லை.

அந்த வருடம் எனக்கு ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. அலையக் கூடாது, அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸ் அன்று சோபாவில் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் இருந்த கிறிஸ்துமஸ் மரத்தின் சீரியல் செட்டில் பீஸ் போன ஒரு பல்பை மாற்றினேன். புதுசு என்று தெரிய, அதன் அடியில் பச்சை நகப்பூச்சு வைத்தேன். வருகிறேன் என்ற தங்கச்சி வரவில்லை.

"லீவு கிடைக்கலையாம். போனும் தண்ணில விழுந்துடுச்சாம். என் ஆபீஸுக்குக் கூப்பிட்டுச் சொன்னா" என்றார் என் கணவர்.

"எனக்குக் கூப்பிட மாட்டாளாமா? வரட்டும், காதைத் திருகுறேன்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் ஆபீஸ் வேலை என்று போனவர், ஷூ நிறைய ஈர மண்ணோடு திரும்பினார்.

ஜனவரியும் முடியப்போனது. "என்னம்மா, அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்பவே ரெடியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்தாள்.

"கழட்டிடலாமே" என்றார் கணவர்.

"அவ வந்து கழட்டட்டும்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம். வீட்டில் நான் மட்டும். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மரத்துப் பக்கம் ஒரு சத்தம்.

கிர்ர்...

பல்பைத் திருகும் சத்தம். எனக்குத் தெரியாதா?

சீரியல் செட் அணைந்தது. உடனே எரிந்தது.

எழுந்து போனேன். ஒரு ஹோல்டர் காலி. பச்சை அடையாளம் வைத்த பல்பைக் காணோம். உள்ளே இரண்டு தகடுகள். நடுவில் ஒன்றுமில்லை.

மற்றவை எரிந்துகொண்டிருந்தன.

எரியக் கூடாது.

"வந்துட்டியாடி?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

காதோரம் மூச்சு... சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"கண்டுபிடி..."

எல்லாம் அணைந்தது.

கணவர் வந்ததும் சொன்னேன். "ஒரு பல்பைக் காணோம். அவதான் எடுத்துட்டா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு யார் சொன்னா?"

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எங்கள் வீட்டுக்கு அவள் வந்துகொண்டிருந்த பஸ் கவிழ்ந்திருக்கிறது. மொத்த உறவும் போய் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறது. என்னைத் தவிர.

"உன் நல்லதுக்குத்தான்... குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அடுத்த வாரம் வருவா, அடுத்த வாரம் வருவான்னு வாரா வாரம் சொன்னீங்களே. ஒரு பிடி மண்ணு போடக்கூட விடலையே."

பரணிலிருந்து ஒரு பையை இறக்கினார். மருத்துவமனையில் கொடுத்த அவளுடைய பொருள்கள். பிரிக்க மனசு வரவில்லையாம். சீல் அப்படியே இருந்தது. அதில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தேதி.

நானே வெட்டினேன். சீப்பு. வாட்ச். தண்ணீரே படாத போன். அடியில் ஒரு பல்பு. பச்சை நகப்பூச்சு வைத்தது. அந்தப் பை சீல் வைக்கப்பட்டதற்கு மறுநாள் நான் மாட்டிய பல்பு.

தொட்டேன். சூடாக இருந்தது.

எடுத்துப்போய் அதன் ஹோல்டரிலேயே மாட்டினேன். ஒவ்வொரு பல்பையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டேன். வயரில் வெட்டு இல்லை, பிளக்கில் கோளாறு இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது.

அதன் பிறகு அந்த சீரியல் செட் எரியவே இல்லை.