விசில் அடிக்காமல் வண்டி கிளம்பாது

பேருந்து நிலையத்து டைம் கீப்பரைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. நூற்று நாற்பது வண்டிகள் எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்று அட்டவணை போடுகிறவர் அவர். வண்டிகள் அப்படி வருவதில்லை என்பது வேறு விஷயம். பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நேரத்துக்கு வந்தால் நீல மை, தாமதமானால் சிவப்பு மை என்று இரண்டே பேனாக்களால் ஊரை ஓட்டிக்கொண்டிருந்த நம்மவரை எல்லாரும் ‘டைமு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி மட்டும் கூப்பிடுவதில்லை. அந்தப் பெயருக்கு எதிரான சாட்சியங்கள் அவரிடம் நிறைய இருந்தன.

மனைவி நர்ஸ். மகளுக்காக மூன்றரை வருடம் வீட்டிலிருந்தவரைப் பழைய மருத்துவமனை திரும்பக் கூப்பிட்டது, அதுவும் ஒரு வார்டுக்கே பொறுப்பாக. காலை ஷிஃப்ட், ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும். ஒரு வாரம் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் முடிவைச் சொல்லலாம் என்றார்கள்.

“பாப்பாவை யாருங்க கிளப்பி விடறது? பிளே ஸ்கூல்ல எட்டேகாலுக்கு கேட்டைச் சாத்திடுவாங்க.”

“நூத்தி நாப்பது பஸ்ஸைக் கிளப்பறவன்கிட்ட ஒரு பொடிசைப் பத்திக் கேக்கறியே.”

“பஸ்ஸு ஜட்டி போடமாட்டேன்னு ஓடாதுங்க.”

ஞாயிறு மாலையே ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஏறிவிட்டது. 6.50 எழுந்திருத்தல். 6.55 பல். 7.00 குளியல். 7.50 ஷூ. 7.52 புறப்பாடு. அடியில் கையெழுத்து, தேதி, ஒரு முத்திரை.

திங்கட்கிழமை 6.50க்கு மகள் சரியாக எழுந்தாள். சரித்திரத்தில் அட்டவணைப்படி நடந்த ஒரே சம்பவம் அதுதான். முதலில் பொம்மைக்குப் பல் தேய்க்க வேண்டும் என்றாள். குளியலறைக் குவளைகளை வரிசையாக அடுக்கிய பிறகுதான் தண்ணீரைத் தொடவிட்டாள். ஷூவைத் தானே போட்டுக்கொள்வேன் என்றாள். பொறுமையிழந்த டைமு மாட்டிவிட்டார். அவள் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு இருவரும் கூண்டுக்கு வந்தார்கள். அன்று மாலைவரை டிரிப் ஷீட்டுகளில் பூனைகள் ஓடின, சிவப்பு மையில்.

செவ்வாய்க்கிழமை டைமு கடுமையான நடவடிக்கை எடுத்தார். மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு எட்டு பத்துக்கே போய்ச் சேர்ந்தார். அழுகை தெருமுனைவரை கேட்டது. வாசலில் நின்ற மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

“நீங்க நேரத்துக்கு வந்துட்டீங்க சார். பாப்பாதான் இன்னும் வரலை.”

அன்று மாலை மகள் தன் அம்மாவின் சீருடையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கு நீ போகாத” என்றாள். வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க, மனைவி அலமாரியிலிருந்து கடிதத்தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான்.

புதன்கிழமையும் அதே கச்சேரி. தொங்கிய முகத்தோடு கூண்டுக்குள் உட்கார்ந்து, தாமதமாக வந்த ஒன்பதாம் எண் வண்டிக்குச் சிவப்பு மை போடப் போனார். டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

“போடு டைமு, போடு. கடைசி ஸ்டாப்புல வண்டியைத் திருப்பவே நாலு நிமிஷம் ஆகுது. உன் பேப்பர்ல திருப்பறதுக்கு நேரமே இல்ல. நான் என்ன தலைக்கு மேல தூக்கியா திருப்பறது?”

வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன புகார்தான். அன்றைக்குத்தான் உள்ளே போனது. வீட்டு அட்டவணையிலும் திருப்புவதற்கு நேரமில்லை.

மாலையில் முத்திரை வைத்த தாள் கிழிந்தது. புதியதில் எழும் நேரம் 6.30. பொம்மையின் பல்லுக்கு நாலு நிமிடம். ஷூவுக்குப் பன்னிரண்டு. பையும் தண்ணீர் பாட்டிலும் முந்தின நாளே வாசலில். “சட்டை போடலாமா?” என்று கேட்டால் “மாட்டேன்” என்றுதான் பதில் வரும் என்பதால், இரண்டு சட்டைகளை நீட்டி “எது?” என்று மட்டும் கேட்பதாக முடிவாயிற்று. விளையாட்டைத் திடீரென்று நிறுத்தாமல், “இன்னும் ரெண்டு கட்டை அடுக்கிட்டுக் கிளம்பலாம்” என்று முன்னறிவிப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, கூண்டின் டிராயரிலிருந்த விசில் ஒன்று மகள் கழுத்தில் ஏறியது. அவள்தான் கண்டக்டர். அவள் இரண்டு விசில் கொடுக்காமல் அப்பா வாசற்படியைத் தாண்ட முடியாது.

வியாழக்கிழமை எட்டு பதினாலு. மூச்சிரைத்தாலும் அழுகையில்லை.

வெள்ளிக்கிழமை ஷூவின் ஒட்டுப்பட்டி மக்கர் செய்தது. ஏழு நிமிடம் போயிற்று. ஒன்பது போயிற்று. டைமுவின் கைகள் தாமாகவே நீண்டன. அவர் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார். பதினெட்டு வருட சேவையில் இத்தனை கடினமான வேலையை அவர் செய்ததில்லை. பதினோராவது நிமிடத்தில் ‘பர்ரக்’ என்று பட்டி ஒட்டியது. இரண்டு விசில்.

எட்டு ஒன்பதுக்கு கேட்.

“சார், ஷூ இடது வலது மாறியிருக்கு.”

“தெரியும் மிஸ். கண்டக்டர் சொன்னாத்தான் மாத்த முடியும்.”

மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாறிய ஷூக்களில் வாத்துபோல நடந்து உள்ளே போனாள். ஊரே பார்க்க வேண்டிய நடை. பார்த்தது காவலாளி ஒருவர்தான். அவருக்கும் டைமு அதை விளக்கிச் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

“எட்டு ஒம்போது.”

மறுமுனையில் வார்டுச் சத்தம். “அழுதாளா?”

“விசில் அடிச்சா. ஷூ அவளே போட்டா. நான் தொடவே இல்ல.”

“நீங்களா? தொடவே இல்லையா?”

“கை மேல உக்காந்திருந்தேன்.”

மனைவி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “சரிங்க. சம்மதம்னு எழுதிக் குடுத்துடறேன்.”

அன்று மதியம் ஒன்பதாம் எண் வண்டியின் அட்டவணையில் நாலு நிமிடம் கூடியது. நீல மையில்.