பிக்கப் முகட்டில் மூன்று தட்டு

இது நடந்த கதை. சீனித்தம்பியைத் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மட்டக்களப்பு வாவியில் அவர் பிடித்த கொடுவா மீன் ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் அரை முழம் வளரும். கனடா ஏரிகளில் பிடித்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் இந்த ஒரு கதையை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு சொல் கூடியதில்லை, ஒரு சொல் குறைந்ததில்லை. சொல்லும்போது அவர் சிரிப்பதும் இல்லை.

1987ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். சீனித்தம்பிக்கு ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில் வேலை, அஜின்கோர்ட்டில் வாடகை வீடு. மனைவி கோணேஸ்வரி. ஒரே மகள் ரதிக்கு ஆறு வயது. கலியாணமாகி ஒன்பது வருடம் கழித்து, போகாத கோயிலெல்லாம் போய் நேர்த்தி வைத்துப் பிறந்த பிள்ளை. அவள் இருமினாலே சீனித்தம்பிக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பிள்ளைக்கு அடுத்தபடி அவருக்கு இருந்த பைத்தியம் மீன்பிடி. அதற்காகப் பழைய ட்றெயிலர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். சில்லு வைத்த சின்ன வீடு. அவருடைய பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போக வேண்டும். முன்னுக்குப் போகும்போது அது சாது. பின்னுக்கு எடுக்க வெளிக்கிட்டால் இவர் இடது பக்கம் திருப்ப, அது வலது பக்கம் போகும். முன்வீட்டுத் தபால் பெட்டியை இரண்டு தரம் சாய்த்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி நகரசபைக்கு அறிவித்துவிட்டாள்.

“உந்தச் சனியன வித்துத் தொலைங்க,” என்றாள் கோணேஸ்வரி. “மீனுக்குப் போறீங்களா, தெருச்சனத்தோட சண்டைக்குப் போறீங்களா?”

விற்றார். பதிலுக்கு அவர் கண்டுபிடித்தது ஒரு பொப்-அப் கேம்பர். இழுக்கிற வேலை இல்லை, பிக்கப்பின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருக்கும் பெட்டி. அதன் முன்பகுதி சாரதியின் தலைக்கு மேலே நீண்டிருக்கும். அதற்குள் ஒரு மேல்கட்டில். ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கும். நிறுத்தியபிறகு கைபிடியைச் சுற்றினால் கூரை எழும்பும், பக்கங்களில் துணிச்சுவர் விரியும், ஆள் நிமிர்ந்து நிற்கலாம். பேப்பரில் விளம்பரம் பார்த்து, விட்பிக்கு அப்பால் ஒரு பண்ணைவீட்டுக்குப் போய் வாங்கி வந்தார்.

விற்றவன் இருபத்தைந்து வயதுப் பெடியன். பேரம் பேச முதலே விலையைக் குறைத்தான். எல்லாவற்றையும் கதவடியில் நின்றபடியே கைகாட்டி விளக்கினான். உள்ளே ஏறிக் காட்டச் சொன்னபோது, முழங்கால் வலி, ஏற முடியாது என்றான். கொஞ்ச நேரத்தில் கயிறு எடுக்க வேலிக்கு மேலால் பாய்ந்து போனான். சீனித்தம்பி அதைக் கண்டார். விலை மலிந்த சந்தோசத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கோணேஸ்வரிக்குப் பெரிய நிம்மதி வேறொன்றில். ட்றெயிலர் ஓடும்போது அதற்குள் ஆட்கள் இருக்கக் கூடாது. மூன்று பேரும் பிக்கப்பின் முன்சீற்றில் நெருக்குப்பட்டே போய் வர வேண்டும். இந்தக் கேம்பரில் தாயும் பிள்ளையும் பின்னால் படுத்துக்கொண்டே வரலாம். சாரதிக்கும் பெட்டிக்கும் இடையில் இரண்டு கண்ணாடி, பேசினால் கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பின்னால் ஏதாவது தேவையென்றால் கோணேஸ்வரி கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் நிறுத்துவார்.

நன்றி தெரிவிப்பு விடுமுறைக்கு முதல் பயணம். பீற்றர்பரோவுக்கு வடக்கே ஓர் ஏரிக்கரை. இரண்டு இரவு தங்கினார்கள். கூரையை உயர்த்திவிட்டு, மேல்கட்டிலில் ரதியைப் படுக்க வைத்தார்கள். பிள்ளை கட்டிலின் ஒரு ஓரத்தில் ஒதுங்கிப் படுத்தாள்.

“நடுவில படு புள்ள, விழுந்திருவாய்.”

“அக்காக்கு இடம் வேணுமே,” என்றாள் ரதி.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கி இங்கிலிசும் தமிழும் கலந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்த காலம். பெற்றவர்கள் சிரித்துவிட்டுப் படுத்தார்கள்.

திங்கட்கிழமை இரவு 7.40க்குத் திரும்பப் புறப்பட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு சீனித்தம்பிக்கு வேலை. நல்ல குளிர். கேம்பரின் யன்னல்களை இறுக்கி மூடினார்கள். பாய், போர்வை, தலையணை எல்லாவற்றையும் சீனித்தம்பி தன் கையாலேயே மேல்கட்டிலுக்குள் திணித்துவிட்டுக் கூரையை இறக்கினார். இறக்கியபின் அந்த இடத்தில் ஒரு பூனைகூடப் புக முடியாது. தாயும் மகளும் கீழே மெத்தையில் படுத்தார்கள்.

இருட்டுப் பாதை. இரண்டு பக்கமும் மரங்கள். வாகனங்கள் குறைவு.

8.05.

டக்... டக்... டக்.

சீனித்தம்பி தலையைத் தூக்கிப் பார்த்தார். சத்தம் பின்கண்ணாடியில் வரவில்லை. தலைக்கு மேலே, பிக்கப் முகட்டில் வந்தது. பேசி வைத்தது இரண்டு தட்டு. இது மூன்று.

ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

“என்ன, தட்டின நீ?”

“நான் தட்டயில்ல,” என்றாள் கோணேஸ்வரி. “தலதான் கொஞ்சம் இடிச்சு வலிக்கிது.”

“ரதி?”

“அவ படுத்திருக்கா.”

கதவடியில் புகை நாறியது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, தான் சைலன்சருக்குப் பக்கத்தில் நிற்கிறேன், நாறத்தானே செய்யும் என்று நினைத்தார். கதவைச் சாத்திவிட்டு வண்டியை ஓட்டினார்.

8.20.

டக்... டக்... டக்.

அதே இடம். இந்த முறை கொஞ்சம் பலமாக. உள்ளே கட்டி வைத்த ஏதோ அவிழ்ந்து ஆடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் பாதை நேர்ப்பாதை. குலுக்கல் இல்லை. ஆடுகிற சாமான் எண்ணிப் பார்த்து மூன்று தட்டுமா?

நிறுத்தினார். திறந்தார். கோணேஸ்வரி எழும்பவில்லை. கண்ணை மட்டும் திறந்தாள். ரதியின் கண் பாதி மூடியிருந்தது.

“அப்பா... அந்த அக்கா டோன்ற் ஸ்லீப், படுக்காத எண்டு சொல்றா.”

“எந்த அக்கா?”

பிள்ளை மேலே கை காட்டினாள். கூரை இறங்கிக் கிடந்த மேல்கட்டிலை.

“புள்ள கனவு காணுது,” என்றாள் கோணேஸ்வரி. ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“ரெண்டு பேரும் முன்னுக்கு வாறீங்களா?”

“ஏலாது... குளிருது. படுக்கிறன்.”

சீனித்தம்பி இன்னொரு தரம் மேல்கட்டிலைப் பார்த்தார். ஆனால் பயத்தைவிட அலுப்புத்தான் கூட இருந்தது என்று அவரே சொல்வார். இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வண்டி ஓட வேண்டும். இப்படிப் பத்து நிமிடத்துக்கு ஒருக்கா நிறுத்தினால் எப்போது வீடு போய்ச் சேர்வது? கதவை நன்றாக இறுக்கிச் சாத்தினார். குளிர் போகக் கூடாது என்று இடுக்கில் தலை துவட்டும் துவாய் ஒன்றையும் செருகினார்.

இனி என்ன தட்டினாலும் நிறுத்துவதில்லை என்று முடிவெடுத்தார்.

8.35.

டக். டக். டக்.

நிறுத்தவில்லை.

டக். டக். டக்.

ரேடியோவைக் கூட்டினார். பாட்டுக்கு மேலாலும் கேட்டது. இப்போது அது விரலால் தட்டுகிற சத்தம் இல்லை. கைமுட்டியால்... பிறகு உள்ளங்கையால். தலைக்கு நேர்மேலே. தகரம் அதிர்ந்தது.

“சும்மா கிட,” என்றார் சீனித்தம்பி. யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

டக் டக் டக் டக் டக்...

கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. வியர்வை. மேலே பார்க்கவில்லை. பாதையை மட்டும் பார்த்தார்.

பிறகு தட்டல் மெதுவானது.

டக்... டக்...

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

டக்...

களைத்துப்போன கை தட்டுவதுபோல் இருந்தது.

பிறகு நின்றுவிட்டது.

ரேடியோவை அணைத்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். எஞ்சின் சத்தம் மட்டும்.

நின்றதுதானே, சந்தோசப்பட வேண்டும். ஆனால் அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. தட்டியபோது இல்லாத அளவு பயம் அப்போது வந்தது.

பிரேக்கை அடித்தார். இறங்கினார்.

ஓடினார்.

துவாயை இழுத்தெறிந்தார். கதவைத் திறந்தார்.

புகை.

“கோணேசு.”

பதில் இல்லை.

“ரதி... ரதிம்மா...”

பிள்ளையின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

இருவரையும் எப்படி வெளியே இழுத்தார் என்று சீனித்தம்பிக்கு இன்றும் நினைவில்லை. பாதையோரச் சரளைக் கல்லில் கிடத்தினார். மகளின் முகத்தில் அடித்தார், வாயில் ஊதினார், மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிட்டார், திட்டினார், அழுதார். ஒரு லொறிக்காரன் நிறுத்தி, தன் லொறியின் வயர்லெஸ் ரேடியோவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அது வந்து சேர முதல் ரதி ஒருக்கா இழுத்து மூச்செடுத்தாள். பிறகு ஓங்காளித்துச் சத்தி எடுத்தாள். அந்தச் சத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு தான் சிரித்ததாக அவர் சொல்வார்.

தாயும் மகளும் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இருவரும் இல்லை என்றார் டொக்டர்.

ஸ்காபரோவில் கராஜ் வைத்திருந்த அன்புராசா பிக்கப்புக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“அண்ணை, பெட்டி உங்கட பிக்கப்பைவிட நீளம். சைலன்சர் வாய் பெட்டிக்குக் கீழை நிக்குது. புகை வெளியிலை போகாமல் உள்ளுக்கை ஏறியிருக்கு. குழாயை நீட்டி விட்டிருக்க வேணும்.”

“ட்றெயிலர் இழுக்கக்குள்ள ஒண்டும் நடக்கயில்லயே?”

“ட்றெயிலருக்குள்ளை ஓடேக்கை ஆக்கள் இருந்ததில்லை, அது தள்ளிப் பின்னாலை தானே வந்தது. புகை காத்தோடை போயிருக்கும். உது வேறை.”

புகைக்குக் காரணம் தெரிந்துவிட்டது. தட்டியது யார்? கோணேஸ்வரி தான் தட்டவே இல்லை என்று சத்தியம் பண்ணினாள். கடைசிப் பத்து நிமிடம் அவளும் பிள்ளையும் விரல் அசைக்கும் நிலையில் இருந்திருக்க முடியாது என்று டொக்டரும் சொல்லியிருந்தார்.

சீனித்தம்பி கராஜில் வைத்தே கைபிடியைச் சுற்றிக் கேம்பர் கூரையை உயர்த்தினார். மேல்கட்டிலுக்குள் அவர் திணித்த பாயும் போர்வையும் அப்படியே இறுகிக் கிடந்தன. ஆனால் நடுவில் ஒரு பள்ளம். ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்து எழும்பிய பள்ளம். பெரிய ஆளில்லை. ரதியைவிட ஒரு முழம் நீளம். அன்புராசாவும் அதைப் பார்த்தார். வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை சீனித்தம்பி விட்பிக்குப் போனார். போகும்போது அந்தப் பெடியனின் கழுத்தைப் பிடிப்பதாகத்தான் எண்ணம். பெடியன் வீட்டில் இல்லை. கதவைத் திறந்தது அவனுடைய தகப்பன். மெலிந்து, தடி ஊன்றி நின்றார். தான் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் பார்த்து மகன் அந்தப் பெட்டியை விற்றுவிட்டான், தான் இருந்திருந்தால் எரித்திருப்பேன் என்றார்.

சீனித்தம்பி தனக்குத் தெரிந்த இங்கிலிசில் நடந்ததைச் சொன்னார். மேலே தட்டியது என்று சொன்னதும் கிழவர் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“எத்தனை தரம் தட்டினாள்?” என்று கேட்டார்.

“மூன்று தரம்.”

“நீ எத்தனை தரம் நிறுத்தினாய்?”

“இரண்டு தரம் உடனே நிறுத்தினேன். மூன்றாம் தரம் நிறுத்தவில்லை. தட்டல் நின்றபிறகுதான் நிறுத்தினேன்.”

கிழவர் தடியை மடியில் குறுக்கே வைத்தார். தனக்கு ஒரு மகள் இருந்தாள், பதினொரு வயது என்றார். ஏரியிலிருந்து திரும்பி வரும்போது அவள் மட்டும் அதே பெட்டிக்குள் படுத்திருந்தாளாம். தலையிடிக்குது என்று தட்டினாளாம். இரண்டு தரம் இறங்கிப் போய்ப் பார்த்தாராம்.

“மூன்றாம் தரம் நான் இறங்கவில்லை,” என்றார். “தட்டித் தட்டி அவளே நிறுத்திவிட்டாள். நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தேன். எழும்பிவிடக் கூடாதே என்று ரேடியோவை மெதுவாகக் குறைத்துவிட்டு, வீடு வரைக்கும் வண்டியை ஓட்டினேன்.”